எக்ஸாஸ்ட் டிப்: ஸ்டீலா, டைட்டானியமா, கார்பனா?

காரின் புகைக்குழாய் (எக்ஸாஸ்ட்) முடியும் இடத்தில் வெளியே தெரியும் வாய்தான் டிப். அதை மட்டும் மாற்றினால் ஹார்ஸ்பவர் கூடாது. சத்தமும் பெரிதாக மாறாது. அது குழாயின் நடுவே சத்தத்தை அடக்கும் மஃப்ளர் (சைலன்சர்), ரெசனேட்டர் ஆகியவற்றின் விவகாரம். அதனால் தோற்றம், உழைப்பு, பொருத்தம் இந்த மூன்றை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். பிஎம்டபிள்யூ எம்3 ஜி80-ஐ எடுத்துக்கொள்வோம். பின்னால் 100 மி.மீ. விட்டத்தில் நான்கு டிப்கள். எதைப் போட்டாலும் கண்ணில் படும்.

என் ஓட்டு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு. ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்தது. மழைக்கும் குழாயில் சொட்டும் தண்ணீருக்கும் சுலபத்தில் துருப்பிடிக்காது. மலிவு டிப்களில் 409 ரக ஸ்டீலோ, குரோம் பூசிய சாதா இரும்போ இருக்கும். வாங்கும்போது ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். அந்த இரண்டிலும் பட்டென்று ஒட்டிக்கொள்ளும், 304-ல் ஒட்டாது. விளிம்பை மடித்த இடத்தில் மட்டும் லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம், உலோகத்தைச் சூடாக்காமல் வளைத்தால் அப்படித்தான் ஆகும். இரட்டைச் சுவர் உள்ளதையே வாங்குங்கள். வெளிச்சுவர் அவ்வளவு சூடாகாது, விளிம்பும் கனமாகத் தெரியும். ஒற்றைச் சுவர் டிப் எம்3-ன் பின்பக்கத்தில் வெறும் தகரம் மாதிரி இருக்கும்.

டைட்டானியத்தின் அந்த நீலம் அழகோ அழகு. அது பெயின்ட் இல்லை, மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் நிறம் போய்விடும். எடையில் லாபம் உண்டு, ஆனால் சிறிது: 150 மி.மீ. நீளம், 1.5 மி.மீ. தடிமன் என்று கணக்குப் போட்டால் நான்கு டிப்புக்கும் சேர்த்து ஒரு கிலோ குறையும். 1,700 கிலோவுக்கு மேல் உள்ள காரில் அது தெரியாது. இன்னொன்று, டைட்டானியத்தை ஸ்டீல் குழாயோடு நேரடியாக வெல்டிங் செய்ய முடியாது; இணைப்பு நொறுங்கும். சுற்றி இறுக்கும் பட்டையான கிளாம்ப்தான் வழி. சைலன்சரே டைட்டானியமாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் காசு வீண்.

கார்பன் டிப்பில் கார்பன் வெளி உறை மட்டும்தான், உள்ளே ஸ்டீல். வெயிலிலும் சூட்டிலும் மேலே உள்ள ரெசின் (கார்பன் இழைகளைப் பிணைக்கும் பிசின்) மஞ்சளாகும், மங்கும். உறைக்கும் ஸ்டீலுக்கும் நடுவே காற்று போக இடைவெளி இருந்தால் பரவாயில்லை. ஒட்டியே இருந்தால் வேண்டாம், அதுவும் டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு வேண்டவே வேண்டாம். டைரக்ட் இன்ஜெக்ஷன் (பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும்) இன்ஜின் கக்கும் கரி இதன் கறுப்பில் தெரியாது, அது ஒரு வசதி.

எதை வாங்கினாலும் பம்பர் இடைவெளியில் கவனம் வேண்டும். மூன்று மீட்டர் ஸ்டீல் குழாய் சராசரியாக 300 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 15 மி.மீ. நீளும். குழாயின் நடுவே உள்ள வளையும் துண்டான ஃப்ளெக்ஸ் பைப் அதில் கொஞ்சம் வாங்கிக்கொண்டாலும் டிப் வெளியே நகரும், குழாயைத் தாங்கும் ரப்பர் ஹேங்கரில் ஆடவும் செய்யும். ரொம்ப உள்ளே வைத்தால் பம்பர் பிளாஸ்டிக் கருகும். முதலில் கிளாம்ப்பை லேசாக முடுக்கி, நன்றாக ஓட்டிச் சூடாக்கி, நான்கும் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பார்த்து, அப்புறம் இறுக்குங்கள்.