அரிசி டப்பாவா, மெக்கானிக்கின் மேசையா: நனைந்த கைப்பேசிக்கு எது நல்லது?

மூன்று ஆண்டு இடைவெளியில் எங்கள் வீட்டுக் கைப்பேசிகள் இரண்டு தண்ணீருக்குள் போயின. முதலாவது என் மனைவியுடையது. 2021இல், சோப்புத்தூள் கரைத்துத் துணி ஊறவைத்திருந்த வாளிக்குள் விழுந்தது. அதை அரிசி டப்பாவுக்குள் இரண்டு நாள் புதைத்து வைத்தோம். இரண்டாவது என்னுடையது, 2024இல், சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க மூடியைத் தூக்கி, கைப்பேசியின் டார்ச்சை அடித்துக்கொண்டு குனிந்தபோது கையைவிட்டு நழுவியது. நான்கடித் தண்ணீருக்கு அடியில் அந்த வெளிச்சம் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி எடுத்த நான், இந்த முறை அரிசிப் பக்கம் போகாமல், திறந்து கழுவக்கூடிய ஒரு பழுதுபார்ப்புக் கடையைத் தேடிப் போனேன். இந்த இரண்டு வழிகளையும், இடையில் பலரும் சொல்லும் மற்ற வழிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இங்கே நோக்கம். நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் கடந்துவிடுகிறேன். எடுத்த உடனே அணைக்க வேண்டும்; சார்ஜ் போடக்கூடாது; 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று பொத்தானை அழுத்தக்கூடாது; உறையைக் கழற்றி, சிம் தட்டை வெளியே எடுத்து, சார்ஜர் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அந்தச் சிம்மை அப்போதே வேறொரு கைப்பேசியில் போட்டுவிட்டால், வங்கியிலிருந்து வரும் ஓடிபிக்காகவாவது நனைந்த கைப்பேசியை அவசரப்பட்டு உயிர்ப்பிக்கும் ஆசை குறையும்.

இனி அரிசி. அரிசிக்கு ஈரம் உறிஞ்சும் குணம் இல்லாமல் இல்லை. ஆனால் டப்பாவில் இருக்கும் அரிசியின் எடையில் ஏறத்தாழ 12 முதல் 14 சதவீதம் வரை ஏற்கெனவே ஈரம்தான். சென்னை போன்ற கடலோர ஊரின் காற்றில் அது மேலும் வறண்டு கிடக்க வழியில்லை. அதைவிட முக்கியம், அரிசி இருப்பது வெளியே, தண்ணீர் இருப்பது உள்ளே. கைப்பேசிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டின்மேல் சில்லுகளை மூடியிருக்கும் தகரக் கவசங்களுக்கு அடியில், தாளின் தடிமன்கூட இல்லாத இடுக்கில் பரவிப் படிந்த நீரை, கண்ணாடிக்கு வெளியே நிற்கும் ஓர் அரிசி மணி இழுத்துக்கொள்ளாது. ஆப்பிள் நிறுவனமும் தன் உதவிப் பக்கத்தில் ஐபோனை அரிசிப் பைக்குள் போட வேண்டாம் என்றும், அரிசித் துகள்கள் உள்ளே போய்ச் சேதம் செய்யலாம் என்றும் எழுதியிருக்கிறது. அதைப் படிப்பதற்கு முன்பே எனக்கு அது தெரிந்துவிட்டது, மனைவியின் கைப்பேசியைப் பிறகு திறந்து பார்த்த இளைஞர், சார்ஜர் துளையிலிருந்து இடுக்கியால் ஒரு குருணையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "அரிசியில போட்டீங்களா சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அரிசிக்கு ஒரு நற்சான்று தரத்தான் வேண்டும். அது நம் கையைக் கட்டிப்போடுகிறது. இரண்டு நாள் டப்பாவைத் திறக்காதே என்று சொல்வதால், அந்த இரண்டு நாளும் யாரும் சார்ஜ் போடுவதில்லை. அரிசியால் பிழைத்ததாகச் சொல்லப்படும் கைப்பேசிகளில் பல, அந்தப் பொறுமையால் பிழைத்தவையாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

சிலிக்கா ஜெல் இதைவிட மேல். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. ஆனால் செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்துப் பல மாதம் மேசை இழுப்பறையில் கிடந்த பொட்டலங்கள் ஏற்கெனவே வயிறு நிறைந்தவை; நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அவற்றைச் சூடேற்றி உலர்த்தாமல் பயனில்லை. புகைப்படக் கருவிப் பையில் இதைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன், நனைந்த கைப்பேசிக்குப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. மின்விசிறிக் காற்றில் திறந்தபடி வைப்பது அரிசியைவிட நல்லது, செலவும் இல்லை. மொட்டைமாடி வெயில் வேண்டாம். ஐபோனை அணைத்து வைத்திருக்கும்போதுகூட 45 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி அதன் தயாரிப்பாளர் சொல்கிறார், சித்திரை வெயிலில் தளத்து ஓட்டின் சூடு அதைச் சுலபமாகத் தாண்டும். முடி உலர்த்தியும் வேண்டாம். அது நீரை இன்னும் உள்ளே தள்ளுவதோடு, கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசையையும் இளக்கிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு, என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான். இவை அனைத்தும் தண்ணீரைப் போக்கப் பார்க்கின்றன. தண்ணீர் விட்டுச் செல்வதைப் பற்றி எதுவும் செய்வதில்லை. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை, ஆர்.ஓ. பொருத்த வந்தவர் அளந்து பார்த்து 1,400 பிபிஎம் என்றார். அதாவது லிட்டருக்கு 1.4 கிராம் உப்பு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்க எல்லையாக வைத்திருப்பது 500. குளியலறைக் குழாயின் மூக்கில் வெள்ளையாகக் கட்டித் தட்டியிருக்கும் கறையைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. அதே நீர் அரை மில்லிலிட்டர் போர்டின்மேல் நின்று உலர்ந்தால் ஏறத்தாழ 0.7 மில்லிகிராம் உப்பு அங்கே தங்கும். எவ்வளவு நன்றாக உலர்த்துகிறோமோ அவ்வளவு உறுதியாக அது ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த உப்பு தனியே பெரிய தீங்கு செய்யாது. ஆனால் மழைக்காலத்துக் காற்றின் ஈரத்தை அது மீண்டும் வாங்கி, மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகிவிடுகிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கைப்பேசியை அணைத்துவிட்டால் போர்டில் மின்சாரம் இல்லை என்று நாம் நினைக்கிறோம். பேட்டரி கனெக்டரைக் கழற்றாதவரை, அணைத்த நிலையிலும் போர்டின் சில தடங்களில் பேட்டரியின் 3.7 வோல்ட்டோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ நின்றுகொண்டேதான் இருக்கும். நீரைச் சிதைப்பதற்கு 1.23 வோல்ட் போதும். உப்புக் கலந்த ஈரத்தில் இந்த மின்னழுத்தம் நிற்கும்போது, நேர்முனைப் பக்கத்துச் செம்பு கரைந்து, எதிர்முனைப் பக்கம் நகர்ந்து, அங்கே வேர் விட்டாற்போல் படிகிறது. அந்த வேர் எதிர்க்கரையைத் தொடும் நாளில் ஷார்ட் ஆகிவிடுகிறது. மனைவியின் கைப்பேசி அரிசியிலிருந்து வெளிவந்த அன்று நன்றாகத்தான் எழுந்தது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. பத்தொன்பதாம் நாள், சமையலறை மேடையில் சும்மா வைத்திருந்தபோது அணைந்தது, பிறகு எழவே இல்லை. திறந்தபோது சார்ஜர் துளையின் முனைகள் பச்சை பூத்திருந்தன.

பேட்டரியைக் கையாலேயே கழற்றக்கூடிய பழைய கைப்பேசிகளில் இந்தச் சிக்கலின் பாதி, விழுந்த நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். இப்போது பேட்டரியை உள்ளே பசைபோட்டு ஒட்டி மூடிவிடுகிறார்கள். பயனரே எளிதில் கழற்றி மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதன் பலன் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்து சேர்ந்தால் நல்லது.

ஆகவே நனைந்த கைப்பேசியை உலர்த்துவதற்கு முன் கழுவ வேண்டும் என்பதே என் கட்சி. கேட்க விசித்திரமாக இருந்தாலும் பழுதுபார்ப்பவர்கள் செய்வது அதைத்தான். நான் போன கடையில் பின்பக்கக் கண்ணாடியை மிதமாகச் சூடாக்கி, உறிஞ்சுக் கிண்ணத்தால் தூக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரமாக ஓட்டித் திறந்தார்கள். திறந்ததும் பழுதுபார்ப்பவர் முதலில் செய்தது பேட்டரி கனெக்டரை நெம்பி எடுத்தது. சிம் துளைக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய ஒட்டுத்தாள் சிவந்திருந்தது. தண்ணீர் பட்டால் நிறம் மாறும் அடையாளம் அது. போர்டைத் தனியாக எடுத்து, தகரக் கவசங்களை மிகச் சூடான காற்றால் இளக்கி அகற்றி, ஐபிஏ எனப்படும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷைவிட மென்மையான ஒரு தூரிகையால் தேய்த்தார். சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சில்லுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தூள் போல் ஒன்று கரைந்து வழிந்ததை உருப்பெருக்கியின் கீழ் எனக்கும் காட்டினார். தண்ணீரில் விழுந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. இந்த ஆல்கஹால் நீருடன் எந்த விகிதத்திலும் கலக்கும், இடுக்குக்குள் போகும், 82 டிகிரியிலேயே கொதிப்பதால் விரைவாக ஆவியாகும், பின்னால் எதையும் விட்டுவைக்காது. கூலி 900 ரூபாய். சார்ஜர் துளை இருக்கும் துணைப் போர்டை மாற்றியதற்குத் தனியாக 450.

கடைக்குக் கொடுப்பதென்றால் எந்தக் கடை என்பது பெரிய கேள்வி. அதே நாளில் முதலில் ஏறிய கடையில், திறக்காமலேயே ஸ்பீக்கர் ஓட்டைகள் வழியாக ஹீட் கன்னைப் பிடித்து ஊதிவிட்டு, "இப்ப சார்ஜ் போட்டுப் பாருங்க" என்றார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். திறந்தவுடன் பேட்டரி கனெக்டரைக் கழற்றுவீர்களா, கவசத்தைத் தூக்குவீர்களா, எதைக்கொண்டு கழுவுவீர்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. பெயின்ட் தின்னர் என்ற பதில் வந்தால் நகர்ந்துவிடலாம். அது கனெக்டர்களின் பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தை நான் ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்று கேட்கலாம். நீரால் வந்த சேதம் பொதுவாக வாரண்டியில் அடங்குவதில்லை. அங்கே போர்டைக் கழுவுவதைவிட முழுதாக மாற்றுவதே வழக்கம். எனக்குச் சொன்ன மதிப்பீடு புதிய கைப்பேசியின் விலையில் பாதியைத் தாண்டியது. போர்டு போனால் அதில் உள்ள படங்களும் போகும். நினைவகச் சில்லை மட்டும் கழற்றி வேறு கருவியில் படித்துவிடலாம் என்பது இப்போது நடக்காத காரியம், ஏனெனில் தகவல்கள் மறையாக்கம் செய்யப்பட்டு, அதற்கான திறவுகோல் அதே போர்டின் செயலியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. மனைவியின் கைப்பேசியில் என் மாமியாரின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் இருந்தன. வேறெங்கும் சேமித்து வைக்கவில்லை.

என் சாய்வுக்கு எதிரான நியாயங்களும் உண்டு. ஒருமுறை திறந்த கைப்பேசியின் நீர்த்தடுப்பு, புதுப் பசை போட்டாலும் பழைய உறுதிக்குத் திரும்பும் என்று நம்ப முடியாது. ஐபி68 எனப்படும் நீர்த்தடுப்புத் தரமுள்ள கைப்பேசி குழாய்த் தண்ணீரில் சில நொடி விழுந்து, கேமராக் கண்ணாடியின் உட்புறம் ஆவி படியாமல், சிம் தட்டின் உட்பக்கம் காய்ந்தே இருந்தால், அதைத் திறப்பதால் நட்டமே அதிகம். துடைத்து ஒரு நாள் காற்றில் வைத்தாலே போதும். அந்தத் தரச் சோதனை நன்னீரில் நடப்பது என்பதையும், பசை வயதாக ஆகத் தளரும் என்பதையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் என்றால் நான் ஒரு மணி நேரமும் காத்திருக்க மாட்டேன்.

என் ஒப்பீடு இரண்டே கைப்பேசிகளை வைத்தது, அவை விழுந்ததும் ஒரே தண்ணீரில் அல்ல. சோப்பு, நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து அதை இடுக்குகளுக்குள் சுலபமாக நுழையவிடும்; ஆகையால் மனைவியின் கைப்பேசிக்கு நேர்ந்த அடி என்னுடையதைவிடக் கடுமையாக இருந்திருக்கலாம், அன்றே கழுவியிருந்தாலும் அது பிழைத்திருக்காமல் போயிருக்கலாம். என்னுடையது கழுவிப் பதினான்கு மாதம் ஆகிறது. பேசும் ஸ்பீக்கரின் ஒலி சற்று மங்கியிருக்கிறது, திரையின் இடது மூலையில் நீர் உலர்ந்த தடம் ஒன்று நிலாவைச் சுற்றிய வட்டம்போல் தெரிகிறது. மற்றபடி சார்ஜ் ஏறுகிறது, கையில் சூடாவதில்லை. சம்ப்பைப் பார்க்க இப்போது செல் போட்ட பழைய டார்ச்சைத்தான் எடுத்துப் போகிறேன்.