ரீகண்டிஷன் விசிபி (வேக்குவம் சர்க்யூட் பிரேக்கர்) வாங்கப்போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கங்கைகொண்டான் பக்கம் ஒரு சின்ன ஆலையில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்கள் 11 கேவி (11,000 வோல்ட்) சப்ளைக்கு, ஷார்ட் ஆனால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர் பேனலை மாற்ற வேண்டியிருந்தது. புதிது வர நாலு மாதம் ஆகும் என்றதால், பழைய விசிபி பேனலைச் சரிசெய்து விற்கும் ஒருவரிடம் மூன்றே கால் லட்சத்துக்கு வாங்கினோம். பளபளவென்று சாம்பல் பெயிண்ட், கையில் இன்சுலேஷனை அளக்கும் மெகர் கருவியின் ஒரு ரிப்போர்ட். பட்டனை அழுத்தினால் டப்பென்று ஆன், டப்பென்று ஆஃப். நானும் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

போன ஐப்பசி மழையில் டிரான்ஸ்ஃபார்மர் கேபிள் பாக்ஸில் தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆனது. ஃபால்ட்டைக் கண்டு பிரேக்கருக்கு உத்தரவு தரும் எங்கள் ரிலேயில் ஃபிளாக் (அடையாளக் கொடி) விழுந்தது, ஆனால் பிரேக்கர் விழவில்லை, அதாவது லைனைத் துண்டிக்கவில்லை. ஈபி சப்ஸ்டேஷனில் ஃபீடரே டிரிப் ஆகி, சுத்துப்பட்டு ஊரெல்லாம் இருட்டு. லைன்மேன் போன் போட்டு, "அண்ணாச்சி, ஒங்க ஃபால்ட்டுக்கு எங்க பிரேக்கர்லா விழுந்திருக்கு, ஒங்களது ஏன் விழல?" என்றார். போய்ப் பார்த்தால் கேபிள் பாக்ஸ் மூடி பத்தடி தள்ளிக் கிடக்கிறது. அரை மணி நேரம் முன்னால் எங்கள் ஹெல்ப்பர் தம்பி அதே இடத்தில் நின்று தண்ணீர் வாரிக்கொண்டிருந்தான். அதை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

ஏன் விழவில்லை? விசிபி ஆன் ஆகும்போதே திறக்கிற ஸ்பிரிங்கும் முறுகி நிற்கும். டிரிப் காயில் ஒரு தட்டுத் தட்டி லாட்ச்சை விடுவித்தால் போதும். அந்தத் தட்டுக்கான டிசி, பேட்டரியிலிருந்து வர வேண்டும். எங்கள் பேனலில் பேட்டரியே இல்லை. அந்த வயர் ஏசியை டிசி ஆக்கும் ஒரு சின்ன ரெக்டிஃபையரில் போய் முடிந்தது, ரெக்டிஃபையருக்கு அதே லைனின் கரண்ட். நல்ல நாளில் பட்டன் அழகாக வேலை செய்யும். ஷார்ட் ஆனதும் லைன் வோல்டேஜ் படுத்துவிடும், காயிலுக்கு உயிர் இருக்காது. பிரேக்கர் எதற்காக இருக்கிறதோ அந்த ஒரு நொடியில் அது செத்த பொருள்.

அப்புறம் லைனை முழுக்க ஆஃப் செய்து, எர்த் பண்ணி, பிரேக்கர் உட்கார்ந்திருக்கும் டிராலியை வெளியே இழுத்துப் பார்த்தோம். பிரேக்கர் ஆனில் இருக்கும்போது டிராலியை நகர்த்தும் கைப்பிடி உள்ளே நுழையவே கூடாது. எங்களுடையதில் நுழைந்தது. தடுக்கிற தகடை கேஸ் கட்டிங்கில் அறுத்து, பிசிறைக்கூடத் தேய்க்காமல் மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். லோடில் எவனாவது டிராலியை இழுத்தால் முகத்துக்கு நேரே ஆர்க் வெடிக்கும்.

பாட்டில் (காண்டாக்ட்டுகள் இருக்கும், காற்று நீக்கி மூடிய குழாய்) கதை இன்னும் மோசம். மெகர் ரிப்போர்ட்டில் எல்லாம் ஜிகா ஓமில் இருந்தது. வேக்குவம் போய் உள்ளே காற்று புகுந்த பாட்டிலும் மெகரில் நல்ல ரீடிங்தான் காட்டும், ஏனென்றால் அந்த வோல்டேஜுக்கு காற்று இடைவெளியே தாங்கிவிடும். காண்டாக்ட்டைத் திறந்து வைத்து, உயர் வோல்டேஜ் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்க்கும் ஹைபாட் டெஸ்ட் போட்டால்தான் குட்டு வெளிப்படும். 12 கேவி வகுப்பு புது பிரேக்கர் 28 கேவியை ஒரு நிமிடம் தாங்க வேண்டும். எங்களுடையதில் மூன்று ஃபேஸில் ஒன்றான ஒய் ஃபேஸின் பாட்டில் 15 கேவியைத் தொடும் முன்பே தாங்காமல் பொறி பாய்ந்துவிட்டது. கவுண்டரில் 41 ஆபரேஷன் என்று இருந்தது, ஆனால் மூன்று பாட்டிலிலும் தேய்மானக் குறி எல்லையைத் தாண்டியிருந்தது. கவுண்டர் மட்டும் புதிது.

நீங்கள் வாங்கினால் ஹைபாட்டை உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். ஏசி சப்ளையை முழுவதும் எடுத்துவிட்டு, ரிலேயை டெஸ்ட் கிட்டில் இயக்கி, பேட்டரியில் மட்டும் டிரிப் ஆகிறதா பாருங்கள். பட்டனை அழுத்திக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆனில் வைத்து, கைப்பிடியை நீங்களே நுழைத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஆளிடம் வாங்க வேண்டாம்.

விற்றவர் முதலில் "பாட்டிலுக்கு வாரண்டி கிடையாது சார்" என்றார், பிறகு போனை எடுக்கவே இல்லை. வக்கீல் நோட்டீஸ் போனதும் பாதிப் பணத்தைக் கொடுத்து பேனலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது மறுபடி பெயிண்ட் அடித்து எங்கோ விற்பனைக்கு வரும் என்றுதான் பயமாக இருக்கிறது. கதவைத் திறந்து உள்பக்கம் இடது மூலையைப் பாருங்கள், பச்சை பெயிண்டில் "இன்கமர் 2" என்று எழுதி அழித்த தடம் இருக்கும். ஒய் ஃபேஸ் இன்சுலேட்டரின் அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கரி வடு. அதைப் பார்த்தால் அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.