கணக்குப் போட்டு ஆடுவதா, பொறி தட்டியதை ஆடுவதா?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது, கடைசி ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். மற்றபடி இரண்டு பக்கமும் ஒரு யானை, ஒரு மந்திரி. (போட்டி நடக்கும் இடங்களில் ரூக், பிஷப் என்றுதான் பேசிக்கொள்வோம். எழுதும்போது எனக்கு யானையும் மந்திரியும்தான் பிடிக்கும்.) டிராவாகி டைபிரேக்குக்கு, அதாவது சமனை முறிக்கும் வேக ஆட்டங்களுக்குப் போகும் என்று முடிவுகட்டி, டீ போட எழுந்துவிட்டேன். 55-ஆவது நகர்வில், பட்டத்தைக் கையில் வைத்திருந்த சீனாவின் டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து, வெட்டிக்கொள்ளலாமா என்று நீட்டினார். காய் குறைந்தால் தலைவலியும் குறையும் என்று தோன்றவைக்கிற நகர்வு. கடிகாரத்தில் அவருக்கு நேரமும் குறைவு.

ஆனால் அவருடைய மந்திரி ஏ8 மூலையில் நின்றது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் மந்திரியை டி5-இல் வைத்தார். மூலையில் நின்ற மந்திரிக்கு ஓட இடமில்லை, அதுவும் வெட்டுப்பட்டே ஆக வேண்டும். மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும்தான், ஜெயிக்க அந்தக் கூடுதல் சிப்பாய் போதும். 58-ஆவது நகர்வோடு கதை முடிந்தது. 7.5–6.5. பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.

ஆட்டம் முடிந்து குகேஷ் சொன்னதுதான் எனக்கு முக்கியம். டிங் யானையை நகர்த்தியதும் அது பிழை என்று தனக்கே உடனே பிடிபடவில்லை, யானையை வேறு பக்கம் ஆடத்தான் போனேன் என்றார். அப்புறம்தான் அந்த மந்திரி மாட்டிக்கொள்வது கண்ணில் பட்டிருக்கிறது. கை ஒரு பக்கம் கிளம்பியது, கணக்கு அதைப் பிடித்து நிறுத்தியது. அந்த நொடி தவறியிருந்தால் டைபிரேக்.

முடிவெடுப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் எதிரெதிர்க் கட்சிகளாக நிறுத்துவார்கள். உட்கார்ந்து, கிளை கிளையாகப் பிரித்துப் பார்த்து முடிவுக்கு வருவது ஒன்று. பார்த்த மாத்திரத்தில் 'இதுதான்' என்று பொறி தட்டுவது இன்னொன்று. எது பெரியது என்று ஆபீஸிலும் சண்டை, டீக்கடையிலும் சண்டை. இதை அளந்து பார்க்கச் செஸ்ஸைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. எல்லா நகர்வும் எழுதி வைக்கப்படுகிறது, கடிகாரம் ஓடுகிறது, சரியா தப்பா என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

ஆனந்தும் குகேஷும்

நம் ஊரிலேயே இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். ஆனந்த் 1980-களில் சென்னை டால் செஸ் கிளப்பில் பிளிட்ஸ், அதாவது சில நிமிடங்களில் முடியும் ஆட்டம் ஆடி வளர்ந்தவர். ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அப்படி ஒரு இடத்தில் வளர்ந்த பையனுக்குக் கை வேகமாகத்தானே போகும்? எதிராளி அரை மணி நேரம் யோசித்த நகர்வுக்கு ஓரிரு நிமிடத்தில் பதில் ஆடிவிட்டு எழுந்து உலாவுவார். 2017-இல் ரியாத்தில், 48 வயதில், ரேபிட் (விரைவு ஆட்டம்) உலகப் பட்டம் வாங்கியபோதும் அந்த வேகம் போகவில்லை.

குகேஷ் நேர்மாறு. கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை இன்ஜின் (செஸ் ஆடும் கணினி நிரல்) பக்கமே விடவில்லை. நிலையைப் பார், நீயே கணக்குப் போடு, அவ்வளவுதான். விளைவு கண்முன் இருக்கிறது: மணிக்கணக்கில் ஆடும் கிளாசிக்கலில் உலகப் பட்டம், ஆனால் ரேபிட், பிளிட்ஸ் தரப்புள்ளிகள் அதோடு ஒப்பிட்டால் நன்றாகவே கீழே. நேரம் கொடுத்தால் ஆழத்துக்குப் போய்விடுவார். நேரத்தைப் பிடுங்கினால் சாதாரண கிராண்ட்மாஸ்டர்களிடமும் தடுமாறுவார்.

இதோடு நிறுத்தினால் ஒப்பீடு அழகாக முடிந்துவிடும், உண்மைதான் பாதி விட்டுப்போகும். 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில், உலகப் பட்டப் போட்டியில் ரஷ்யாவின் கிராம்னிக்கைத் தோற்கடித்தபோது, ஆனந்த் கறுப்புக் காய்களோடு 3-ஆவது, 5-ஆவது ஆட்டங்களை ஜெயித்தார். இரண்டிலும் ஒரே திறப்பு (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்), குழுவோடு சேர்ந்து மாதக்கணக்கில் அரைத்து வைத்த தயாரிப்பு. பொறிக்காரர் வீட்டிலேயே கணக்கை முடித்துவிட்டு வந்திருந்தார்.

வாய்ப்பாடு

ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஐம்பத்தாறு என்று வாய் சொல்லிவிடும். யாரும் எட்டை ஏழு முறை கூட்டுவதில்லை. என்றோ கூட்டியதைப் பாடம் பண்ணி வைத்திருக்கிறோம். கெட்டிக்கார ஆட்டக்காரருக்குத் தட்டுகிற பொறியும் இந்த வாய்ப்பாடுதான் என்பது என் கட்சி.

இதற்குச் சாட்சி உண்டு. நெதர்லாந்தின் அட்ரியான் டி குரூட் நல்ல செஸ் ஆட்டக்காரர், மனோதத்துவக்காரரும்கூட. கிராண்ட்மாஸ்டர்களையும் அவர்களுக்குக் கீழே உள்ளவர்களையும் ஒரே நிலைக்கு முன்னால் உட்காரவைத்து, வாய்விட்டு யோசிக்கச் சொன்னார். 1946-இல் முடிவை வெளியிட்டார். பெரிய ஆட்டக்காரர் பெரிதாக ஆழம் போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அப்படி இல்லை. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் பார்த்தார்கள். கிராண்ட்மாஸ்டர் பார்க்க ஆரம்பித்ததே நல்ல நகர்வுகளை, அதுதான் வித்தியாசம். மற்றவர்கள் குப்பையை ஆழமாகக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

1973-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் அடுத்த ஆணியை அடித்தார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து ஒரு நிலையை 5 விநாடி காட்டிவிட்டு, காய்களை மறுபடி அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார், புதியவருக்கு நாலைந்துதான் வந்தது. அதே காய்களைக் கண்டபடி இறைத்துவைத்துக் காட்டினால்? மாஸ்டரும் புதியவரும் ஒன்றுதான். ஆக, நினைவாற்றல் வரப்பிரசாதம் ஒன்றும் இல்லை. மனசில் இருப்பது பழகிய அமைப்புகள். உள்ளுணர்வு என்பது அடையாளம் கண்டுகொள்வதே தவிர வேறொன்றும் இல்லை என்று சைமன் பிற்பாடு அடித்துச் சொன்னார்.

பதிமூன்றாம் வாய்ப்பாடு தெரியாதவன் பதின்மூன்றெட்டுக்குப் பொறி தட்டியதைச் சொன்னால் என்ன ஆகும்? என் கதைக்கு வருகிறேன்.

எச்7 பலி

ஒரு சனி ஞாயிறு ரேட்டிங் போட்டி. கல்யாண மண்டபத்தில் பந்தி மேஜைகளை வரிசையாகப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் போர்டுகள். எதிரே பதினோரு வயது இருக்கும் ஒரு பையன், கால் தரையில் எட்டவில்லை. என் மந்திரி அவன் ராஜாவுக்கு முன்னால் இருக்கிற எச்7 சிப்பாயைக் குறிபார்த்து நிற்கிறது. குதிரை ஜி5-க்குத் தாவத் தயார், ராணி எச்5-க்கு. செஸ் கற்றுக்கொண்ட எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிற பலி இது: மந்திரியைக் கொடுத்துச் சிப்பாயை வெட்டு, குதிரையால் செக், ராணி வந்தால் மேட். பார்த்ததும் உடம்பில் ஒரு சூடு ஏறியது. வெட்டினேன். கடிகாரத்தில் 38 நிமிடம் மிச்சம் என்று ஸ்கோர் ஷீட்டில் நானே எழுதியும் வைத்தேன்.

பையன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் அசையாமல் இருந்தான். வெட்டினான். குதிரை செக், ராஜா பின்வாங்கியது, ராணி வந்தது. அவன் மந்திரியை எஃப்5-இல் வைத்து எச்7-ஐக் காத்துக்கொண்டான். தீர்ந்தது. என்னிடம் மந்திரி இல்லை, தாக்குதலும் இல்லை. வெளியே வந்ததும் அவனே கேட்டான்: "அங்கிள், பிஷப் எஃப்5 வரும்னு நீங்க பாக்கலையா?" பார்க்கவில்லை. ஒரே ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அமைப்பு எனக்குத் தெரியும், அது பலிக்கிற நிபந்தனை தெரியாது. அரைகுறை வாய்ப்பாடு. இதில் கேவலம் என்னவென்றால், முழு வாய்ப்பாடுக்காரனுக்கு வருகிற அதே சூடு எனக்கும் வந்தது. உள்ளேயிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

கெட்டிக்காரர்களும் இதில் விழுவார்கள். 2008-இல் பிலாலிச், மெக்லியோட், கோபெ என்ற மூன்று ஆய்வாளர்கள் ஆட்டக்காரர்களுக்கு ஒரு நிலையைத் தந்தார்கள்: பிரபலமான, ஐந்து நகர்வில் முடியும் மேட் ஒன்று, அதிகம் யாரும் பழகாத, மூன்று நகர்வில் முடியும் மேட் இன்னொன்று. தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதலாவதைக் கண்டுபிடித்துவிட்டு, வேறு நல்ல வழி தேடுவதாகச் சொன்னார்கள். கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தால், அதே பழைய கட்டங்களில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. பொறி தட்டியபின் கணக்குப் போடுகிறேன் என்று நாம் சொல்வதில் பாதி இப்படித்தான் என்று சந்தேகப்படுகிறேன்.

கணக்கின் குறை

அதற்காகக் கணக்கைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. சோவியத் கிராண்ட்மாஸ்டர் கோட்டோவ் தீவிரக் கணக்குக் கட்சி. முதலில் ஆடத்தக்க நகர்வுகளைப் பட்டியலிடு, ஒவ்வொரு கிளையிலும் ஒரே முறை ஏறி இறங்கு என்பார். அவரே ஒரு நோயையும் விவரித்திருக்கிறார்: இரண்டு கிளைகளுக்கு நடுவே அரை மணி நேரம் அல்லாடுவோம், இரண்டும் பிடிக்காது, கடிகாரத்தைப் பார்த்ததும் பகீர் என்றாகும், அதுவரை பார்க்கவே பார்க்காத மூன்றாவது நகர்வைச் சடக்கென்று ஆடிவிடுவோம். அநேகமாக அது பிளண்டராக, பெரும் பிழையாக இருக்கும். வீடு வாங்க ஆறு மாதம் பட்டியல் போட்டுவிட்டு, கடைசியில் தரகர் காட்டிய புது வீட்டுக்கு அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு இது புரியும்.

முன்னாள் உலக சாம்பியன் மிகயீல் டால் இதற்கு வேறு மருந்து வைத்திருந்தார். கிராண்ட்மாஸ்டர் வாஸ்யுகோவுடன் ஆடும்போது குதிரையைப் பலி கொடுக்கலாமா என்று யோசிக்கிறார். கிளைகள் பெருகிக்கொண்டே போகின்றன. நடுவில் குழந்தைப் பாட்டு ஒன்று தலைக்குள் புகுந்துவிட்டது, சேற்றில் மாட்டிய நீர்யானையை இழுப்பது பற்றி. நீர்யானையை எப்படித்தான் வெளியே எடுப்பது என்று கொஞ்ச நேரம் மும்முரமாக யோசித்தார், வழி தெரியவில்லை, சரி முழுகட்டும் என்று விட்டார். நீர்யானை போனதும் போர்டு தெளிந்தது. இதைக் கணக்குப் போட்டு முடிக்கவே முடியாது என்று புரிந்து, குதிரையைக் கொடுத்தார், ஜெயித்தார். மறுநாள் பத்திரிகை, 40 நிமிடம் துல்லியமாகக் கணக்கிட்டுப் பலி கொடுத்தார் என்று எழுதியது. முடிவுகளைப் பற்றி வெளியே சொல்லப்படும் விளக்கங்களை நான் நம்பாததற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

இயந்திரங்களின் கதையும் சுவாரசியம். 1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் புளூ கணினி விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்தது. சுத்தமான கணக்கு. 2017-இல் வந்த ஆல்பாசீரோ விநாடிக்கு 80 ஆயிரம் நிலைகளைத்தான் பார்த்தது, எதிரே ஆடிய ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின் 7 கோடி. நூறு ஆட்டத்தில் ஆல்பாசீரோ 28 ஜெயித்து 72 டிரா செய்தது, ஒன்றிலும் தோற்கவில்லை. தன்னோடு தானே கோடிக்கணக்கில் ஆடிச் சேர்த்த வாய்ப்பாடு. ஸ்டாக்ஃபிஷ் சும்மா இருக்கவில்லை, 2020-இல் தானும் ஒரு நரம்பு வலையை, அதாவது பழகிப் பழகி நிலையை எடைபோடும் நிரலைச் சேர்த்துக்கொண்டது.

போர்டுக்கு வெளியே வந்தால் நிலைமை மோசம். உள்ளுணர்வைச் சந்தேகித்த மனோதத்துவக்காரர் டேனியல் கானமனும், தீயணைப்புத் தளபதிகளின் உள்ளுணர்வைப் பார்த்து வியந்த மனோதத்துவக்காரர் கேரி கிளைனும் 2009-இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். விஷயத்தில் ஒழுங்கு இருக்க வேண்டும், நீண்ட பழக்கமும் சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரியவரும் வாய்ப்பும் வேண்டும். அப்போதுதான் பொறியை நம்பலாம் என்று ஒத்துப்போனார்கள். செஸ்ஸில் இவை எல்லாம் இருக்கின்றன. பங்குச் சந்தையில் ஒழுங்கே சந்தேகம். கல்யாணத்தில் பழக்கத்துக்கு வழியில்லை. ஆள் எடுக்கிற இன்டர்வியூவில், நாம் வேண்டாம் என்று அனுப்பியவர் எப்படி வேலை பார்த்திருப்பார் என்பது கடைசிவரை தெரியாது. இருந்தும் "முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன்" என்கிற மேனேஜர்கள் அங்கேதான் அதிகம்.

என் தரத்தில் இருப்பவர்களுக்குக் கணக்குதான் முதலில் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். போன மாதம் இன்னொரு மண்டபம், கிட்டத்தட்ட அதே நிலை, அதே எச்7. இந்த முறை கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் யோசித்தேன். எஃப்5 பார்த்தேன், ராஜா ஜி6-க்கு ஏறுவதையும் பார்த்தேன். பயமாக இருந்தது, வெட்டாமல் விட்டுவிட்டேன். ஆட்டம் டிரா. ராத்திரி வீட்டுக்கு வந்து இன்ஜினில் போட்டேன். வெட்டியிருந்தால் ஜெயம்.