பழைய அம்பாசிடரில் ஆயில் பிரஷர் மீட்டர்: நாலு வருட அனுபவம்

என்னிடம் இருப்பது மார்க் 2 அம்பாசிடர். 1489 சிசி, பி-சீரிஸ் இன்ஜின். மாரிஸ் ஆக்ஸ்போர்டிலும் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடிய அதே இன்ஜின் குடும்பம் என்பதால் இதன் உள்விவகாரம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நான் வாங்கும்போது டாஷ்போர்டில் ஒரு மீட்டரும் வேலை செய்யவில்லை. முந்தைய ஓனர் ஆயிலுக்கென்று ஒரு சிவப்பு விளக்கை மட்டும் மாட்டி வைத்திருந்தார்.

அந்த விளக்குதான் தொல்லையை ஆரம்பித்தது. காலையில் பெங்களூரு அல்சூரில் கிளம்பும்போது ஒன்றும் இருக்காது. சில்க் போர்டு நெரிசலில் இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் ஐடிலிங்கில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) மினுக்கத் தொடங்கும், ஆக்சிலேட்டரைத் தொட்டால் அணைந்துவிடும். ஒரு கேரேஜில் காட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்த கையோடு "பேரிங் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கணும்" என்றார்கள். பேரிங் என்றால் இன்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பாகம். பிரஷர் எவ்வளவு என்று அளந்தார்களா? இல்லை.

இந்த மாதிரி விளக்கு சாதாரணமாக பிரஷர் ஐந்து, ஆறு பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தின் அலகு) இறங்கினால்தான் எரியும். ஸ்விட்ச் பழுதானாலும் எரியும், எர்த் வயர் உரசினாலும் எரியும். அதை நம்பி இன்ஜினைப் பிரிக்க எனக்கு மனசில்லை. ஜே.சி. ரோட்டில் 0 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை காட்டும் மெக்கானிக்கல் மீட்டர் ஒன்றை வாங்கினேன். எலெக்ட்ரிக் மீட்டரும் கிடைக்கும். ஆனால் சென்சார், வயர், எர்த் என்று சந்தேகப்பட மூன்று இடம் கூடுதலாகச் சேரும். மெக்கானிக்கலில் ஆயிலே குழாய் வழியாக வந்து முள்ளைத் தள்ளுகிறது.

மாட்டிக் கொடுத்தவர் மெக்கானிக் சிவாஜிநகர் பாய். விளக்கின் ஸ்விட்ச் இருந்த இடத்தில் T வடிவ கனெக்டர் ஒன்றைப் போட்டு, விளக்கையும் விடாமல் மீட்டரையும் சேர்த்தார். ஸ்டார்ட் செய்ததும் 60. ஓசூர் ரோட்டில் சூடாக ஓடும்போது 50க்குப் பக்கம். சிக்னலில் 6, 7.

முள்ளைப் பார்த்துவிட்டு பாய் சொன்னதுதான் எனக்குப் பாடம். "பம்ப் ஆயிலைத் தள்ளும், அவ்வளவுதான் தம்பி. அது பேரிங் இடுக்குல நுழையத் திணறுதே, அதுதான் பிரஷர். இடுக்கு அகலமானா சூட்டுல ஓடும்போதும் முள்ளு இறங்கணும். உன்னுது ஓட்டத்துல ஐம்பது நிக்குது. முதல்ல வால்வைப் பார்க்கலாம்."

அவர் சொன்னது பிரஷர் ரிலீஃப் வால்வை. இன்ஜின் பிளாக்கின் இடப்பக்கம், பின்கோடியில் குமிழ் மாதிரி ஒரு நட் இருக்கும். அதற்குள் ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் முனையில் கிண்ணம் போன்ற பிளஞ்சர். பிரஷர் அளவு மீறினால் இது பின்வாங்கி ஆயிலைத் திரும்ப சம்ப்புக்கே (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) விடும். பிளஞ்சரைக் கழற்றி வெயிலில் திருப்பிக் காட்டினார். சீட்டில் உட்காரும் விளிம்பில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு கீறல். கூடவே கறுத்துப்போன சிலிக்கோன் பிசின் துணுக்கு ஒன்று. யாரோ சம்ப் கேஸ்கெட் போடும்போது தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். வால்வு முழுசாக மூடாததால், பம்ப் மெதுவாகச் சுற்றும் ஐடிலிங்கில் கிடைக்கிற கொஞ்ச ஆயிலும் அந்த வழியாகவே கசிந்துகொண்டிருந்தது. வேகத்தில் பம்ப் நிறையத் தள்ளுவதால் அது தெரியவில்லை.

புது பிளஞ்சர், சீட்டை கிரைண்டிங் பேஸ்ட் வைத்து லேசாகத் தேய்த்து நன்றாகத் துடைத்தது, புது வாஷர்கள். ஐடிலிங் 15க்கு ஏறியது. ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்ற பழைய கணக்குக்கு இது தாராளம்.

ஸ்பிரிங்கை இழுத்து நீட்டினாலோ அடியில் வாஷர் வைத்து ஏற்றினாலோ சரியாகும் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. நல்ல வால்வு ஐடிலிங்கில் மூடித்தான் கிடக்கும். ஸ்பிரிங்கை இறுக்குவதால் உச்ச பிரஷர்தான் ஏறும், சிக்னலில் ஒரு புள்ளிகூட நகராது. கெட்டியான ஆடிட்டிவ் பாட்டில்களும் அப்படித்தான். முள் ஏறும், நோய் அப்படியே இருக்கும்.

ஆயிலை மட்டும் 20டபிள்யூ-40இலிருந்து, சூட்டில் அதைவிடக் கெட்டியாக நிற்கும் 20டபிள்யூ-50 மினரலுக்கு மாற்றினேன். சூட்டில் இரண்டு, மூன்று புள்ளி கூடுதலாக நிற்கிறது. ஆயில் மாற்றுவதற்கு முன் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயில் நீர்த்திருக்கிறது. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டியில் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக சம்ப்புக்குத்தான் போகும். அப்போது எந்த கிரேடு ஊற்றியும் பிரயோஜனமில்லை.

மீட்டரிடம் குறை இல்லாமல் இல்லை. கூடவே வந்த நைலான் குழாயை முதல் நாளே தூக்கிப் போட்டோம். சூட்டில் அது விட்டுப்போனால் கொதிக்கிற ஆயில் கால் மேல்தான் கொட்டும். செம்புக் குழாய் போட்டோம். இன்ஜின் ஆடுகிற ஆட்டத்தில் செம்பும் இறுகி வெடிக்கும் என்பதால், பிளாக்கின் பக்கம் இரண்டு சுற்று சுருளாக விட்டிருக்கிறோம். அப்படியும் மூன்றாம் வருடம் மீட்டருக்குப் பின்னால் இருக்கும் ஜாயிண்ட்டில் ஆயில் கசிந்து கார்ப்பெட்டில் கறை விழுந்தது. இரவில் முள் சரியாகத் தெரியாது. உள்ளே இருக்கும் பல்பு பெயருக்குத்தான்.

இப்போது சூட்டில் ஐடிலிங் 13, 14. ஓட்டத்தில் 45க்குக் கீழே வந்ததில்லை. கிளட்ச் பிளேட் மாற்றும் நேரம் நெருங்குகிறது. எப்படியும் வண்டி பாயிடம் நிற்கும், அப்போதே சம்ப்பையும் இறக்கி ஸ்ட்ரெய்னரில் (ஆயில் வடிகட்டும் வலை) அந்தப் பிசின் இன்னும் எவ்வளவு ஒட்டியிருக்கிறதென்று பார்த்து, பேரிங்கையும் ஒரு கண் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.