கடல்விதிகளைக் கற்றுத்தரும் செயலி: விளக்குப் பாடம் நன்று, மூடுபனிப் பாடம் திருத்தப்பட வேண்டும்

கோல்ரெக் எனப்படும் 1972-ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளைக் கைபேசியில் கற்றுத்தரும் செயலி ஒன்றை, தேர்வுக்குத் தயாராகும் இளம் அதிகாரிகளுடன் சேர்ந்து பயன்படுத்திப் பார்த்தேன். திரும்பும் திறன் மட்டுப்பட்ட கப்பல்களைப் பற்றிய பகுதியை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

தொடக்கம் தெளிவாக உள்ளது. கடலடி கேபிள் பதித்தல், மிதவை வைத்தல், தூர்வாருதல் போன்ற வேலைகளின் தன்மையால் விலகிச் செல்ல இயலாத கப்பலையும் (இதுவே திரும்பும் திறன் மட்டுப்பட்ட கப்பல்), இயந்திரமோ சுக்கானோ பழுதாகிக் கட்டுப்பாட்டை இழந்த கப்பலையும் செயலி அடுத்தடுத்துக் காட்டுகிறது. முன்னது இரவில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று விளக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஏற்றும். பகலில் பந்து, டயமண்ட், பந்து வடிவ அடையாளங்கள். பின்னதற்கு இரண்டு சிவப்பு விளக்குகள், பகலில் இரண்டு பந்துகள். இந்த வேறுபாடு ஒருமுறை பார்த்தாலே மனத்தில் பதிந்துவிடுகிறது.

தூர்வாரும் கப்பலுக்கான திரைதான் இச்செயலியின் உண்மையான பலம். தடை உள்ள பக்கத்தில் இரண்டு சிவப்பு விளக்குகளும், மற்றக் கப்பல்கள் கடந்து செல்லக்கூடிய பக்கத்தில் இரண்டு பச்சை விளக்குகளும் எரிய, விரலால் கப்பலை மெல்லச் சுழற்றிப் பார்க்கலாம். முன்புறத்திலிருந்து பார்க்கையில் நம் இடக்கைப் பக்கம் இருந்த சிவப்பு, பின்புறம் வந்ததும் வலக்கைப் பக்கம் மாறிவிடுகிறது. இவை எல்லாத் திசைகளிலும் தெரியும் விளக்குகள் என்பதையும், பக்கவிளக்குகளைப் போல இடம் வலம் குறிப்பவை அல்ல என்பதையும், எத்திசையிலிருந்து வந்தாலும் பச்சை இருக்கும் பக்கமாகவே கடக்க வேண்டும் என்பதையும் அச்சிட்ட படத்தால் இவ்வளவு எளிதில் உணர்த்திவிட முடியாது.

மூடுபனிப் பாடத்தில் இருப்பதோ கடுமையான பிழை. ரேடாரில் மட்டும் தென்படும் கேபிள் கப்பலுக்கு யார் வழிவிட வேண்டும் என்று கேட்டு, 18-ஆம் விதிப்படி இயந்திரக் கப்பல்தான் என்று விடை தருகிறது. ஒன்றையொன்று கண்ணால் காணும் கப்பல்களுக்கு மட்டுமே 18-ஆம் விதி பொருந்தும். காணாதபோது 19-ஆம் விதிதான். அங்கே முன்னுரிமை என்பதே இல்லை: ஒவ்வொரு கப்பலும் சூழலுக்கேற்ற பாதுகாப்பான வேகத்தில் செல்ல வேண்டும், மோதும் அபாயம் இருப்பதாக ரேடாரில் தெரிந்தால் போதிய நேரம் இருக்கும்போதே விலக வேண்டும். மூடுபனியில் கேபிள் கப்பல் இரண்டு நிமிடங்களுக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் எழுப்புவது மீன்பிடிக் கப்பல், பாய்க்கப்பல், இழுவைக் கப்பல் ஆகியவற்றுக்கும் பொது என்பதைச் செயலியே அடுத்த திரையில் சரியாகச் சொல்கிறது. ஒலியைக் கேட்டு இன்ன கப்பல் என்று பிரித்தறிய இயலாத நிலையில், முன்னுரிமையை எதிர்பார்த்து எப்படிக் கப்பல் செலுத்துவது? இந்த விடையை நம்பி ஓர் அதிகாரி பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேடையில், நிற்பதை நினைக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

இழுவைக் கப்பல் எதுவாயினும் திரும்பும் திறன் மட்டுப்பட்ட கப்பல் வகையில் செயலி சேர்த்துவிடுவதும் தவறு. திசைமாறும் திறனை இழுவை வேலை வெகுவாகக் கட்டுப்படுத்தினால் மட்டுமே அது இவ்வகையில் சேரும்.

விளக்குகளையும் பகல் அடையாளங்களையும் பயில இச்செயலியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மூடுபனிக் கேள்விகளை மட்டும் அடுத்த பதிப்பில் திருத்தும்வரை ஒதுக்கிவிட்டு, 19-ஆம் விதியை மூலநூலில் வரிவரியாகப் படியுங்கள்.