உபுண்டு அப்டேட்: கையால் போடுவதா, தானாக விடுவதா?

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் சாளரத்தில்) 'சூடோ ஆப்ட் அப்டேட்' அடித்து, வரிகள் ஓடி நின்றதும் எல்லாம் புதுசாகிவிட்டது என்று மூடிவிடுகிறார்கள். என்னென்ன புதுப் பதிப்புகள் கிடைக்கின்றன என்ற பட்டியலை மட்டும்தான் அது புதுப்பிக்கும். அடுத்து 'சூடோ ஆப்ட் அப்கிரேட்' கொடுத்தால்தான் மென்பொருள் இறங்கும். எவை மாறும், எத்தனை எம்பி என்று காட்டிவிட்டு, நீங்கள் 'ஒய்' அழுத்தும்வரை காத்திருக்கும். அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கணினிக்குள் என்னென்ன இருக்கிறது என்பது மெல்லப் பிடிபடும். கையால் போடுவதில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' என்ற தானியங்கி கேட்காமலே வேலை செய்யும். உபுண்டுவில் நிறுவியதிலிருந்தே இயங்கும்; பாதுகாப்புத் திருத்தங்களைத் தினமும் தேடிப் போட்டுவிடும். மறதிக்காரர்களுக்கு நல்ல காவல். ஆனால் சாதாரணத் திருத்தங்களையும், நீங்களாகச் சேர்த்த பிபிஏக்களையும் (பிறர் நடத்தும் மென்பொருள் களஞ்சியங்களையும்) தொடாது. புதுக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வந்தாலும் தானாக ரீஸ்டார்ட் செய்யாது. நீங்கள் செய்யும்வரை பழைய கெர்னல்தான் ஓடும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

தானியங்கியை அணைக்கவே வேண்டாம். அதோடு வாரம் ஒருமுறை கையாலும் ஓட்டுங்கள், லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுவிட்டு. பாதியில் அணைந்துபோனால் பதற வேண்டாம்: 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து முடித்துவைக்கும்.