வாசலோரத்துக்கு எது சரி: செம்பருத்தியா, அரளியா, நந்தியாவட்டையா?

எங்கள் வீடு கோவையில், வடக்குப் பார்த்த வாசல். கேட்டுக்கும் படிக்கும் நடுவில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி 12 அடி நீளத்துக்கு மண் தரை. அம்மாவுக்குக் காலையில் சாமிக்கு வைக்க ஒரு தட்டுப் பூ வேண்டும், அதுவும் வீட்டுச் செடியில் பறித்ததாக இருக்க வேண்டும். பதினைந்து வருடத்துக்கு மேலாக அந்த 12 அடியில் மூன்று செடிகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன். இன்று அங்கே நிற்பவை நான்கு நந்தியாவட்டை. வாசலில் ஒரு வகைக்குத்தான் இடம் என்று யார் கேட்டாலும் அதையே வைக்கச் சொல்கிறேன்.

அழகு என்று பார்த்தால் செம்பருத்திக்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் வர முடியாது. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. வாசனைக்காக யாரும் இந்த மூன்றில் ஒன்றைத் தேடி வரப்போவதும் இல்லை. அடுக்கு நந்தியாவட்டையில் மட்டும் ராத்திரியில் லேசாக ஒரு மணம் வரும். மூன்றுமே குச்சி வெட்டி நட்டால் பிழைத்துக்கொள்ளும். நாட்டு ரகமாக இருந்தால் யார் வீட்டிலாவது கேட்டு வாங்கினால் போதும், காசு கொடுக்கக்கூட வேண்டியதில்லை.

உண்மையில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். நட்டு மூன்றாவது வருடத்தில் அந்தச் செடிக்காக வாரத்தில் எத்தனை மணி நேரம் குனிந்து நிற்கப்போகிறோம்? செம்பருத்தியில் நான் தோற்றது அங்கேதான். தோற்கடித்தது மாவுப்பூச்சி.

முதலில் வைத்தது நாட்டுச் செம்பருத்தி, ஐந்து இதழ்ச் சிவப்பு. இரண்டு வருடம் வேலி மாதிரி தழைத்து நின்றது. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2008இல், எங்கள் கோவையில்தான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவிய பூச்சி எங்கள் வாசலையும் விடவில்லை. அடுத்த கோடையில் ஒரு காலை, கொழுந்துகள் எல்லாம் கைவிரலை மடக்கியது போலச் சுருண்டிருந்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு பஞ்சாக வெள்ளை. தொட்டால் பிசுபிசுப்பு. கீழ் இலைகளில் அந்தப் பிசுபிசுப்பு வடிந்து, அதன்மேல் கரி அப்பியது போலக் கரும்பூசணம். பத்து நாளில் மொட்டு எல்லாம் கொட்டிப்போனது.

வெறும் தண்ணீர் தெளித்தால் ஒட்டாது, பூச்சியின் மேல் இருக்கும் மெழுகுப்பூச்சில் உருண்டு ஓடிவிடும். குழாயில் வேகமாகப் பீய்ச்சினால் ஒரு பகுதி உதிரும். மீதிக்கு வேப்பெண்ணெயோடு சோப்புக் கரைசல் கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி சாயங்காலம் அடிக்க வேண்டும். முட்டைகள் பஞ்சுப் பைக்குள் இருப்பதால் ஒரு தடவை அடித்தால் தீராது. வாரா வாரம் அடிக்க வேண்டும். சுருண்ட நுனிகளை வெட்டி எரிக்க வேண்டும், குப்பையில் போட்டால் அங்கிருந்து அடுத்த செடிக்கு ஏறிவிடும்.

இதில் நான் தாமதமாகக் கற்றது எறும்பு விஷயம். தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறது என்றால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். எறும்பு அதன் இனிப்புக் கழிவுக்காகவே ஏறுகிறது, பதிலுக்கு மாவுப்பூச்சியைத் தின்ன வரும் வண்டுகளை விரட்டி அதைக் காக்கிறது. எறும்பை நிறுத்தாமல் மேலே எத்தனை தடவை மருந்து அடித்தும் பயன் இல்லை. இன்னொன்று, வெள்ளையாக இருப்பதெல்லாம் எதிரி அல்ல. 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு வண்டு, மாவுப்பூச்சியைத் தின்றே வாழ்வது. அதன் புழுவும் மாவுப்பூச்சி மாதிரியே பஞ்சு போர்த்தியிருக்கும். அளவில் பெரியது, பஞ்சு நீளமாகத் தொங்கும், சுறுசுறுப்பாக ஓடும். முதல் வருடம் எத்தனையை நசுக்கினேனோ தெரியாது. வளர்ந்த வண்டு கறுப்பு, தலைப்பக்கமும் பின் நுனியும் செம்பழுப்பு. அதைக் கண்டால் மருந்து அடிப்பதை நிறுத்திவிட வேண்டும்.

2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகு பப்பாளி மாவுப்பூச்சியின் கொட்டம் பெரிய அளவில் அடங்கியது. ஆனால் செம்பருத்திக்கு வேறு மாவுப்பூச்சிகளும் உண்டு. ஒவ்வொரு பங்குனியிலும் எங்கள் வாசலில் ஏதாவது ஒன்று வந்துவிடும். வாரம் இரண்டு மணி நேரம், வருடத்தில் நான்கு மாதம். வேலைக்குப் போய்வரும் ஆளுக்கு அது கட்டுப்படியாகாது.

வெயில் கணக்கும் இருக்கிறது. செம்பருத்திக்கு நாளில் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். சித்திரை முடிவிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் வடக்கு வாசலுக்கும் வெயில் கிடைக்கும். ஐப்பசி தொடங்கிவிட்டால் வீட்டு நிழலே செடிமேல் விழும். பூ அதிகம் தேவைப்படும் மார்கழியில்தான் எங்கள் செம்பருத்தி இரண்டு மூன்று பூவோடு நின்றுவிடும். தெற்குப் பார்த்த வாசல் உள்ளவர்களுக்கு இந்தக் குறை இருக்காது.

அரளியை நான் வளர்த்தது இரண்டே வருடம், அதனால் அனுபவம் குறைவு. அந்த இரண்டு வருடத்தில் அது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உப்புத்தண்ணீர் போர்வெல், பத்து நாள் தண்ணீர் விடாத வெளியூர்ப் பயணம் எல்லாவற்றையும் தாங்கியது. ஆடு மாடு வாய் வைக்காது. நெடுஞ்சாலை நடுவே அதை வரிசையாக வைப்பதும் இதனால்தான். சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் விவசாயிகள் அதைப் பயிராகவே செய்கிறார்கள். மொட்டாகப் பறித்துக் கட்டினால் மாலை வாடாமல் நிற்கும். நுனியில் மஞ்சள் அசுவினிப் பூச்சி வரும், கையுறை போட்டு உருவிவிட்டால் போதும். பராமரிப்பு மட்டும்தான் கணக்கு என்றால் அரளிதான் முதலில் நிற்கும்.

ஆனால் எங்கள் வீட்டில் அண்ணன் மகள் தவழ ஆரம்பித்த மாதமே அதைத் தோண்டி எடுத்துவிட்டேன். இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மஞ்சள் அரளியின் விதை இன்னும் பேர்போனது, தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ உயிரை வாங்கியிருக்கிறது. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தின. பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் வைக்கலாம். குழந்தை, நாய்க்குட்டி இருந்தால் கை எட்டும் வாசலில் வேண்டாம். வெட்டிய குச்சியை அடுப்பிலோ குப்பையோடு சேர்த்தோ எரிக்கவும் கூடாது, புகையும் நஞ்சு.

இனி நந்தியாவட்டை. பக்கத்து வீட்டு அக்காவிடம் குச்சி கேட்கப் போனபோது, "எத்தன வேணும்னாலும் ஒடிச்சுக்குங்க கண்ணு, ஆடி மழைக்கு நட்டா நட்டது எல்லாம் புடிச்சுக்கும்" என்றார். பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சி ஆறு நட்டேன், ஐந்து துளிர்த்தது. நான்கை வைத்துக்கொண்டேன். மூன்று ஒற்றை, ஒன்று அடுக்கு.

ஒற்றைப் பூவைக் கிட்டத்தில் பார்த்தால் ஐந்து இதழும் ஒரே பக்கமாகத் திரும்பி, காற்றாடி மாதிரி இருக்கும். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை, கரும்பச்சை இலைக்கு மேல் விடியற்காலையில் விளக்கு இல்லாமலே தெரியும். பாதி நிழல் அதற்குப் போதும். எங்கள் வாசலில் மார்கழியிலும் தினம் பத்துப் பதினைந்து பூ உண்டு, வைகாசியில் தட்டு நிறைந்து வழியும். வருடம் ஒரு முறை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டு ஒரு கூடைத் தொழுவுரம் போடுகிறேன். அவ்வளவுதான் வேலை.

பூச்சியே வராது என்று சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் விரல் தடிமன் பச்சைப்புழு ஒன்று வரும். தலைப்பக்கம் இரண்டு நீலக் கண் வரைந்தது போலப் புள்ளி, வாலில் சின்னக் கொம்பு. அரளியையும் தின்பது இதே புழுதான். ஒரே ராத்திரியில் ஒரு கிளையை மொட்டையாக்கும். இலை நிறத்திலேயே இருப்பதால் அது கண்ணில் படாது, தரையில் மிளகு மாதிரி கிடக்கும் எச்சத்தைப் பார்த்து அதற்கு நேர் மேலே தேட வேண்டும். இலையோடு கிள்ளி எடுத்துத் தூரத்தில் விட்டால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை, வருடத்தில் மூன்று நான்கு தடவை. மொட்டையான கிளையும் இருபது நாளில் தழைத்துவிடும். மாவுப்பூச்சி எப்போதாவது ஒட்டியிருக்கிறது, ஆனால் செம்பருத்தியைப் போலச் செடியையே சுருட்டிப் போட்டதை நான் பார்க்கவில்லை.

குறை என்றால் பால். பறித்த காம்பில் வடியும் பால் விரலில் ஒட்டும், துணியில் பட்டால் கறை. அம்மா சாயங்காலமே மொட்டாகப் பறித்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிடுகிறார், காலையில் விரிந்திருக்கும், பாலும் நின்றிருக்கும். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பூவை மூடிய கண்மேல் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. பாலைக் கண்ணில் விடுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். அரளிக் குடும்பம்தான் இதுவும், வாயில் போடும் செடி அல்ல. அடுக்கு ரகத்தைப் பற்றி ஒற்றை அளவுக்கு உறுதியாகச் சொல்ல மாட்டேன். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, நிழலில் அது பாதிதான் பூக்கிறது.

செம்பருத்தியை அடியோடு விட்டுவிடவும் இல்லை. தலைக்குத் தேய்க்க இலையும், எண்ணெய் காய்ச்சப் பூவும் அம்மாவுக்கு வேண்டும். மொட்டைமாடியில் நல்ல வெயிலில் ஒரே ஒரு தொட்டியில் இருக்கிறது. தொட்டியை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் போட்டு அதன்மேல் வைத்திருக்கிறேன், எறும்பு ஏறாமல் இருக்க. கொசு வராமலிருக்க ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தத் தண்ணீரை மாற்றுகிறேன், அப்போதே கொழுந்துகளை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடுகிறேன்.